மாமாவுக்கு இருபத்தொன்பது வயசு

சித்திரை 9, வியாழன். விடிந்ததுமே வெயில்.

சகலமான பேர்களுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால்: நமது குடும்பத்து வெள்ளாட்டுக் குட்டி இன்று காலை எட்டு மணி சுமாருக்குச் சுவரில் தொங்கிய காலண்டரில் சித்திரை மாதம் முழுவதையும் தின்று தீர்த்தது. வைகாசியில் வாய் வைப்பதற்குள் பிடித்துக் கட்டப்பட்டது. ஆகவே மேலே போட்ட தேதிக்கு நான் ஜவாப்தாரி அல்ல. ஆட்டைக் கேட்கவும்.

அடுத்தபடியான செய்தி: பழனி மாமா பட்டாளத்தில் சேரப் போகிறாராம்.

சிரிக்காமல் எழுதணும். முடியலை. மாமாவுக்கு வயசு முப்பத்தெட்டு. அம்மாவின் தம்பி. என்னைப் பெத்த அய்யன் செத்தபோது கருமாதிக்குத் தோளில் ஒரு துண்டோடு வந்தவர். "ஒரு வாரம் இருந்துட்டுப் போறனுங் அக்கா" என்றாராம். நாலு வருஷமாக அந்த ஒரு வாரம் முடியலை. எங்கள் கிணற்றில் கவலை ஓட்டுவது அவர்தான். எருது ரெண்டும் வடத்தை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கும், தோல் சால் மேலே வந்து தண்ணியைக் கொட்டும், எருதுகள் பின்னாலேயே நடந்து மேலே ஏறும். மறுபடி இறங்கும். காலையில் ஒரு பொழுது, சாயங்காலம் ஒரு பொழுது. இதற்குக் கவலை என்று பேர் வைத்தவன் பொய் சொல்லத் தெரியாதவன்.

சந்தையில் ஒரு பட்டாளக்காரன் சொல்லியிருக்கிறான், கப்பலில் ஏற்றிக்கொண்டு போவார்கள், எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் என்று. அன்றிலிருந்து மாமா சரியாகச் சாப்பிடுவதில்லை.

"கடலைப் பாக்கோணும் மாப்ளே."

"ஆடியில வெதைக்கறோம், கார்த்திகையில புடுங்கிப் பாருங் மாமா."

"அதில்ல சாமி. அலையடிக்கற கடல்."

சித்திரை 10, வெள்ளி. காத்தே இல்லை. வேப்பமரம் வரைந்து வைத்த மாதிரி நிற்கிறது.

முப்பதுக்கு மேல் எடுக்க மாட்டார்களாம். எங்கள் ஊட்டில் சர்க்கார் பாரம் எழுதி நிரப்பத் தெரிந்தவன் நான் ஒருத்தன், ஆகையால் ஆலோசனை என்னோடு. மாட்டுக் கொட்டாயில், ரகசியமாக.

"வயசக் கொஞ்சம் கொறைக்க முடியுமா மாப்ளே?"

"எவ்வளவு வேணுங்?"

"உன்னால எத்தன முடியுமோ அத்தன."

இருபத்தொன்பதில் பேரம் முடிந்தது. ஒன்பது வருஷத்தைக் கிணற்றில் போட்டாச்சு. மாமா பிறந்ததற்கு எழுத்துச் சாட்சி எதுவும் கிடையாது. "பெரிய மழைக்கு மறுவருசம்" பிறந்தவர். எந்த மழை என்று சர்க்கார் போய் மேகத்தைத்தான் விசாரிக்கணும்.

இன்று முதல் நான் வாலிப இலாகா மந்திரி. இலாகா வேலைகள்:

1. மீசை. விளக்குக் கரி + விளக்கெண்ணெய்.

2. முதுகு. வடத்தின் மேல் உட்கார்ந்தே வளைந்தது. நாமக்கல் ஆஞ்சநேயரை நினைத்துக்கொண்டு நிற்கச் சொன்னேன். கூரைகூட இல்லாமல் வெயிலிலும் மழையிலும் அட்டென்ஷனில் நிற்பவர். முதலில் அவரைத்தான் எடுத்திருக்கணும்.

3. மேல்வரிசையில் காணாமல் போன பல். வாயைத் திறக்காமல் சிரிக்கணும்.

4. காய்ச்சல் கதை. முழுத் தடை.

நாலாவதுதான் தொல்லை. இந்தச் சண்டைக்கு முந்தின உலகச் சண்டை முடிந்த வருஷம் விஷக்காய்ச்சல் வந்து மாமாவின் ஊரே படுத்துவிட்டதாம். அவர் ஊட்டில் எழுந்து நின்றது பதிமூணு வயசுப் பையனான இவர் மட்டும். எல்லாருக்கும் கஞ்சி காய்ச்சி ஊற்றி, கவலையும் தனியாக ஓட்டி, ஒன்பது நாள் ராகிப் பயிரைக் காப்பாற்றினார். மாமா வாழ்க்கையில் நடந்தது அது ஒன்றுதான். கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். போன வருஷம் சேந்தமங்கலத்தில் பெண் பார்க்கப் போன இடத்திலும் சொன்னார். பெண்ணின் அப்பன் "சபாஷ்" என்றுவிட்டு, விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். அப்பவே பதிமூணு என்றால் இப்போ... காப்பித் தம்ளர் வருவதற்குள் சம்பந்தம் போச்சு. அதற்கு முந்தின சம்பந்தமும் இதே காய்ச்சலில் செத்ததுதான்.

"அதச் சொல்லாம வேற என்னத்தப் பேசறது மாப்ளே?" என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

சித்திரை 12, ஞாயிறு.

கவலைச் சரிவிலேயே டிரில். பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார் மாதிரி குரலைக் கட்டி "ஹால்ட்!" என்றேன். மாமா நிற்கவில்லை. எருது ரெண்டும் நின்றுவிட்டன. மாமா வடத்திலிருந்து சறுக்கி உட்கார்ந்தார். மறுபடி ஒரு தரம். மறுபடியும் நின்றன. செவலை எருது பட்டாளத்துக்குத் தயார். மயிலை எருது ஹவில்தாரே ஆகலாம்.

மீசைக் கரி வேர்வையில் கரைந்து தாடை வரை ஒழுகியது. அம்மா பார்த்து, "என்னடா இது, கூத்துக்கா போறீங்க?" என்றாள். அப்புறம் புரிந்துபோய் உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் ரொம்ப நேரம் அம்மி சத்தம். அரைக்க ஒன்றும் இல்லாத வேளை.

விளக்கெண்ணெய் வேண்டாம். மீசை கறுக்கக் கடுக்காய்ச் சாயம் பார்க்கணும்.

சித்திரை 13, திங்கள்.

கொல்லைப் படல் பக்கம் கொய்யாக்காய் வேட்டை. பக்கத்துத் தோட்டத்துக் கருப்பாயக்காவும் அம்மாவும் பேசியது காதில் விழுந்தது. கேட்கவில்லை. விழுந்தது.

"நீ வேண்டாம்னு சொல்லேன் புள்ள. அக்கா சொன்னாக் கேக்க மாட்டானா?"

"எந்த வாயில சொல்றது? நாலு வருசமா எங்கூட்டு மாட்டோட மாடாக் கட்டிப் போட்டுட்டேன் அவன. ஒரு கண்ணாலம் காச்சி பண்ணி வெச்சனா?"

"அப்பறம் கவலைக்கு ஆளு?"

"பையன நிறுத்திக்க வேண்டீதுதான். படிச்ச வரைக்கும் போதும்."

கொய்யா காய்தான். துவர்ப்பு.

பள்ளிக்கூடத்து வகுப்புக்கும் பாரம் என்றுதான் பேர். அஞ்சு பாரம் சுமந்து இறக்கியாச்சு, ஆனியில் ஆறாவது பாரம். அது முடிந்தால் நாமக்கல்லை விட்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். அந்தப் பாரத்துக்குப் பதில் இந்தப் பாரம். பரவாயில்லை. வீரனுக்கு எந்தப் பாரமும் பஞ்சு. பாட்டனி புஸ்தகத்தை ஆட்டுக்குப் போட்டுவிடலாம், காலண்டர் ஜீரணமாகியிருக்கும்.

சித்திரை 14, செவ்வாய்.

மாமா கடுக்காய் வாங்கக் கடைக்குப் போன சமயம் நானே கவலை ஓட்டினேன். தனியாக. நாற்பது சால். ஒரு மூச்சில்! மிளகாய்ப் பாத்தி நாலும் நிரம்பி வழிந்தது. எருதுகள் என் பேச்சை அப்படியே கேட்கின்றன. மாமா நாலு வருஷம் முக்கி முனகிச் செய்ததை மாப்பிள்ளை ஒரே நாளில்!

உள்ளங்கை ரெண்டிலும் கொப்புளம். வீரப் பதக்கம். அம்மாவிடம் காட்டவில்லை.

சித்திரை 16, வியாழன். புழுக்கம். மழை வருவது போல் வந்து சேலம் பக்கம் போய்விட்டது.

மாமா கேட்டார். சால் தோலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

"நீ சொல்லு மாப்ளே. நா போகட்டுமா?"

"என்னையக் கேட்டா?"

"கவலை உன் தலையிலதான உழுகும். உங்கம்மா சொல்ல மாட்டா. நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லீரு, இதோட உட்டர்றேன். மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டேன்."

"போங் மாமா! ஜப்பான்காரன் உங்க மீசையப் பாத்தே ஓடீருவான். நாற்பது சால் எறைக்கறவன் இங்க இருக்கறப்ப உங்களுக்கு என்ன?"

கொஞ்சமும் தயங்காமல் சொன்னேன். மாமா வாயைத் திறந்து சிரித்தார். இலாகா விதி 3 மீறல்.

போனால் திரும்பி வரும்போது எனக்கு ஒரு சங்கு கொண்டுவருவாராம். காதில் வைத்தால் கடல் கேட்குமாம்.

சித்திரை 18, சனி.

கடுக்காய் மீசை பிரமாதம். நெற்றியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டதால் பார்ப்பதற்கு மூன்று மீசை.

ஒத்திகை. நான் ஆள் எடுக்கிற துரை, உரலின் மேல்.

"வயசு?" "இருவத்தொம்பது சார்."

"கல்யாணம்?" "இன்னும் காலம் இருக்குது சார்." (இது அவரே சேர்த்தது.)

"காய்ச்சல் கீய்ச்சல்?" "ஒண்ணும் ஞாபகம் இல்லீங் சார்." சொல்லும்போது விளக்கெண்ணெய் குடித்த முகம். பத்து தரம் சொல்ல வைத்தேன். பத்தாவது தரம் சரியாக வந்தது.

அம்மா மாமாவுக்கு ரெண்டு வேட்டி வெளுத்து வைத்திருக்கிறாள். என் பள்ளிக்கூடப் பையைத் துவைத்து மடித்துப் பரணில் வைத்தாயிற்று. யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை.

சித்திரை 20, திங்கள். நாமக்கல்.

பெட்ரோல் பஞ்சத்தில் கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு ஓடுகிற பஸ். மேட்டில் எல்லாரும் இறங்கித் தள்ளினோம். மாமாதான் முன்னால் நின்று தள்ளினார். பட்டாளத்தில் எடுத்துவிட்டார்கள் என்றே நினைப்பு.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற முசாபரி பங்களா வாசலில் நாற்பது ஐம்பது பேர். முக்கால்வாசி என் வயசு. மாமாவை ஒருத்தன், "பையனச் சேக்க வந்தீங்களாண்ணா?" என்றான். மாமா நிமிர்ந்து ஆஞ்சநேயர் ஆனார்.

உள்ளே மாரளவு: பாஸ். கண்: பாஸ். பாதம்: பாஸ். பல்லைப் பார்த்த டாக்டர், "கடிக்கப் போறதில்லியே, சுடத்தானே போறான்" என்றாராம். பாஸ்.

மாமாவுக்கு அங்கே அளவெடுக்கும்போது நான் சும்மா இருக்கவில்லை. பேர் எழுதுகிற கண்ணாடிக் குமாஸ்தாவிடம் போய் இங்கிலீஷில் பேசினேன். "மை அங்கிள் இஸ் எ லயன், சார்!" அவர் சிரித்தார். இந்த ஜில்லாவிலேயே பட்டாளத்தோடு நேருக்கு நேர் இங்கிலீஷ் பேசிய முதல் அஞ்சாவது பாரத்தான் நான்தான்.

கடைசியாகக் குமாஸ்தா மேஜை. பேர், ஊர். வயசு இருபத்தொன்பது, கணீரென்று சொன்னார். ரேகை வைக்க மைப்பெட்டியைத் திறந்தாச்சு. திறந்தவர் நிறுத்தி, சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, "முன்னே விஷக்காய்ச்சல் ஒண்ணு வந்துதே, உங்க பக்கமெல்லாம் ரொம்பச் சேதமோ?" என்றார். எப்படிக் கேட்கத் தோன்றியதோ.

மாமா என் பக்கம் பார்த்தார். சுவரில் ஒரு பல்லி இருந்தது. நான் பல்லியைப் பார்த்தேன்.

"சேதமுங்களா? கேளுங்," என்றார் மாமா.

முழுக்கச் சொன்னார். கஞ்சி காய்ச்சியது, எருதுக்குத் தண்ணி காட்டியது, எட்டாம் நாள் வடம் அறுந்தது, அதைத் தன் அரைஞாண் கயிற்றோடு சேர்த்து முடிந்தது. பக்கத்து மேஜையில் இருந்த துரைகூட என்ன என்று கேட்டு, ஒருத்தர் இங்கிலீஷில் சொல்லச் சொல்லத் தலையாட்டினார். முடிந்ததும் குமாஸ்தா "சபாஷ்" என்றார். அப்புறம் விரலை மடக்கினார்.

சித்திரை 21, செவ்வாய்.

நேற்றுத் திரும்பி வந்த பஸ் பற்றி எழுத விட்டுப் போச்சு. மாமா ஜன்னல் ஓரம். காலையில் தள்ளின மேடு வந்து போச்சு. அப்புறம்:

"முழுசாக் கேட்டாங்க மாப்ளே. நடுவுல ஒருத்தன் எந்திரிச்சுப் போகல, பாத்தியா?"

"ஆமாங் மாமா."

"தொரைகூடத் தலையாட்டுனாரு."

அம்மாவிடம் ஊட்டுக்கு வந்ததும் சொன்னது இவ்வளவே: "வயசாயிருச்சாமுங் அக்கா. கெடக்குது உடுங்." அம்மா சோறு போட்டாள். இலையில் மூணு தரம் நெய். பரணிலிருந்து பை இறங்கிவிட்டது. ஆணியில் தொங்குகிறது.

இன்று காலை வழக்கம் போல் கவலை. மீசையில் கடுக்காய் இன்னும் போகவில்லை. மற்றதெல்லாம் முப்பத்தெட்டு.

எருதுகள் இப்போது "ஹோ" என்றால் நிற்பதில்லை. ஒவ்வொரு சாலுக்கும் மாமா "ஹால்ட்" சொல்ல வேண்டியிருக்கிறது. மெதுவாகத்தான் சொல்கிறார். இங்கே உட்கார்ந்திருந்தாலும் கேட்கிறது.

சித்திரை 23, வியாழன். வெயில்.

ஆடு வைகாசியையும் தின்றுவிட்டது. அறிவிப்பு எழுத மனசில்லை.

மடை மாற்றிவிடப் போனேன். மாமா வடத்தில் உட்கார்ந்து இறங்கிக்கொண்டே, "அந்தக் கண்ணாடிக்காரன் நல்ல மனுசன் மாப்ளே. அத்தன பேரு நின்னாங்க. எங்கிட்ட மட்டும் அதக் கேட்டான் பாரு," என்றார். மேலே ஏறும்போது, "நீ ஆறாவது பாரத்த ஒழுங்காப் படி," என்றார். அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. ஆகவே சில திருத்தங்கள்.

14ஆம் தேதி நாற்பது சால் என்றது ஏழு. ஏழாவதில் மயிலை நின்றுவிட்டது, நானும் சரிவிலேயே உட்கார்ந்து அழுதேன். பாத்தி ஒன்றுகூட நிரம்பவில்லை. மாமா வந்து மிச்சத்தை இறைத்தார், யாரிடமும் சொல்லவில்லை.

16ஆம் தேதி தயங்காமல் "போங்" என்றேன் என்றது சரி. போகட்டும் என்று நினைத்தேனா என்று அங்கே எழுதவில்லை.

20ஆம் தேதி. குமாஸ்தாவிடம் இங்கிலீஷ் வரவில்லை. ரெண்டு தரம் வாயைத் திறந்தேன், "என்னடா தம்பி?" என்றார். அப்புறம் தமிழிலேயே, மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "எங்க மாமன் வந்தாருன்னா விஷக்காய்ச்சலப் பத்திக் கேளுங் சார்" என்றேன். சிங்கம் என்று நான் சொல்லவே இல்லை.