திரையில் தெரிந்த தருண் அப்பா

தொம்மலூர், பெங்களூரு.
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

அன்புள்ள தருண் அப்பாவுக்கு, வனஜா வணக்கத்தோடு எழுதுவது.

இங்கே நானும் தருணும் சௌக்கியம். நீங்கள் சௌக்கியமா என்று கேட்க மாட்டேன். நேற்று சாயங்காலம் பத்தடி உயரத் திரையில் உங்களை நன்றாகப் பார்த்தாயிற்று. தொப்பை உட்பட.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். மாசக் கடைசியில் இன்னும் மூன்று வருஷத்துக்குக் காண்ட்ராக்டில் கையெழுத்துப் போடப் போகிறீர்கள் என்று தருண்தான் வாய் தவறிச் சொன்னான். உங்களிடம் அதைப் பற்றி ஏழு தடவை கேட்டேன். ஏழு தடவையும் சிக்னல் இல்லை வனஜா என்று லைன் கட்டாகிவிட்டது. தருண் கிரிக்கெட் பேசினால் மட்டும் தான்சானியாவில் சிக்னல் பிரமாதமாக வேலை செய்கிறது. கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாதே. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுசாகப் படியுங்கள்.

மாடி அறையை வாடகைக்கு விட்டதைச் சொன்னேன், யாருக்கு என்று சொல்லவில்லை. மரியா என்று ஒரு பெண். தான்சானியாக்காரி, உங்கள் முவான்சாவிலிருந்து இங்கே நர்சிங் படிக்க வந்தவள். பதினோரு வீட்டில் இடம் இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்களாம். நம் வாசலில் வந்து நின்றபோது எந்த ஊர் என்று கேட்டேன். முவான்சா என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை, சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டேன். எதிர்வீட்டு விஜி இரண்டு நாள் என்னை முறைத்தாள். மூன்றாம் நாள் விஜியின் பெண்ணுக்கு மரியா தலை பின்னிவிட்டாள், இருபத்திரண்டு பின்னல். இப்போது விஜி என்னைவிட அவளிடம்தான் அதிகம் பேசுகிறாள்.

வெள்ளைச் சோள மாவில் மரியா ஒரு களி கிண்டுவாள். உகாலி என்று பேர். நம் கேழ்வரகுக் களி ருசி அதற்கு வராது, ஆனாலும் கட்டி தட்டாமல் கிண்டுகிறாள், கெட்டிக்காரி. களி அங்கே வீட்டுக்கு வீடு தினமும் வேகிறதாம். நீங்களோ நாக்கு செத்துப்போச்சு, அரைப் பட்டினி என்று அழுதீர்கள். நானும் நம்பி, பருப்புப் பொடி, எள்ளுப் பொடி என்று பார்சல் பார்சலாகக் கட்டினேன். சரி, அதை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

மரியாதான் என்னை அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க ஆய்வு மையம் இருக்கிறது. மாசத்துக்கு இரண்டு சனிக்கிழமை யாராவது பெரிய படிப்பாளி வந்து பேசுவார். யார் வேண்டுமானாலும் போகலாம். பேச்சு முடிந்ததும் அந்தந்த நாட்டுப் பிள்ளைகள் கூடிச் சமைத்து, பாடி, ஆடி ஒரே கலாட்டா. அம்மா சாப்பாட்டுக்காகத்தான் போகிறாள் என்று தருண் ஊரெல்லாம் சொல்கிறான். சுத்தப் பொய். நீங்கள் இருக்கிற ஊரில் மழை எப்போது, குளிர் எப்போது என்று யாரையாவது கேட்கலாம் என்றுதான் போனேன்.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். பேர், போன் நம்பர், எந்த விஷயத்தில் ஆர்வம் என்று எழுத வேண்டும். எனக்கு முன்னால் ஒருவர் காலனிய வரலாறு என்று எழுதியிருந்தார். நான் எத்திராஜ், தங்கச் சுரங்கம், முவான்சாவிலிருந்து மூன்று மணி நேரம், எலெக்ட்ரிக்கல் ஒர்க்ஷாப், ரூம் நம்பர் பதினாலு என்று எழுதினேன். மையத்தின் தலைவர் வெங்கடசுப்ரமணியன் சார் அதை இரண்டு தடவை படித்தார். இவ்வளவு ஆழமாக ஆராய்ச்சி செய்கிறவர்களைப் பார்ப்பதே அபூர்வம் என்று முன் வரிசையில் உட்காரவைத்தார். நானும் மறுக்கவில்லை, ஃபேன் அங்கேதான் இருந்தது. இதுவரை ஆறு பேச்சு கேட்டாயிற்று. எத்தியோப்பியா காபி, நைஜீரியா சினிமா, கென்யா மினிபஸ் எதைப் பற்றி வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்கிறேன். என் புருஷனைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாமல் இருந்தது.

நேற்று வந்தவர் உங்கள் தான்சானியாவின் தார் எஸ் சலாமிலிருந்து பேராசிரியர் நீமா. கடல் கடந்த தொழிலாளர்களும் அவர்கள் குடும்பங்களும் என்று தலைப்பு. இங்கிலீஷ் பேச்சு. மரியா தன் அரைத் தமிழில் என் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். பாதி புரிந்தது, மீதிக்குத் தலையாட்டினேன். திடீரென்று ஒரு படம் போட்டார்கள். சுரங்கக் கேண்டீனில் தீபாவளிக் கொண்டாட்டம். நட்டநடுவில் நீங்கள்.

அடப் பாவி மனுஷா! எலும்பும் தோலுமாகிவிட்டேன் என்று சொன்னவர், ஜிப்பா பித்தான் தெறிக்கிற மாதிரி நிற்கிறீர்கள். கையில் குவித்து வைத்த பிரியாணித் தட்டு. நூறு மைலுக்கு நம்ம முகமே கிடையாது என்றீர்கள், எண்ணினேன், பதினாறு பேர். இதெல்லாம் கூடப் போகட்டும். ஜன்னலுக்கு வெளியே, உங்கள் தலைக்கு நேர் மேலே, கோபுரம் மாதிரி நிற்கிறது செல்போன் டவர்.

என்னையும் அறியாமல் எழுந்து, அது என் வீட்டுக்காரர் என்று தமிழிலேயே கத்திவிட்டேன். மொத்தச் சபையும் திரும்பியது. மரியா எழுந்து அதை இங்கிலீஷில் சொன்னாள். உடனே எல்லோரும் கைதட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று இன்னும் விளங்கவில்லை. உங்கள் பக்கத்தில் நின்ற பச்சைப் புடவைக்காரி யார் என்பதையும் கையோடு விசாரித்துவிட்டேன். டாக்டரின் மனைவி, குஜராத்தி அம்மா, வயசு அறுபத்தெட்டு. பிழைத்தீர்கள்.

கேள்வி நேரம் என்றதும் மைக்கை முதலில் வாங்கியது நான்தான். நம் தங்கவயலில் என்ன வழக்கம்? ஷிஃப்ட் முடிந்தும் ஆள் மேலே வரவில்லை என்றால், பெண்கள் சுரங்கத்துக்குள் ஆள் இறங்குகிற ஷாஃப்ட் வாசலுக்கே போய், கூட்டத்துக்கு நடுவில் புருஷன் பேரைச் சொல்லிக் கேட்போம். வீட்டுக்குள் உட்கார்ந்து அழுகிற பழக்கம் நமக்குக் கிடையாது. நேற்றும் அதையேதான் செய்தேன். எத்திராஜ் எப்போது மேலே வருவார் என்று கேட்டேன்.

வெங்கடசுப்ரமணியன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, கேள்வி தலைப்பை ஒட்டி இருக்கட்டும் அம்மா என்றார். தலைப்பில் தொழிலாளி, குடும்பம் என்று நீங்கள்தானே போட்டிருக்கிறீர்கள், தொழிலாளி திரையில் இருக்கிறார், குடும்பம் நான்தான் சார் என்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சபையே சிரித்தது, நீமா அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஆராய்ச்சிக்காக ஒருவர் நம்பிச் சொன்னதை வெளியே சொல்வது முறையில்லை என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, இதை மட்டும் சொல்லலாம் என்று சொன்னார். உங்களிடம் இரண்டு மணி நேரம் பேட்டி எடுத்தாராம். அதில் சுரங்கத்தைப் பற்றி இருபது நிமிஷம் பேசினீர்களாம். மிச்ச நேரமெல்லாம் வனஜா, வனஜா என்றுதான் பேச்சாம். என்னோடு நாலு நிமிஷம் பேச முடியாத மனுஷன்! மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். முன் வரிசையில், அத்தனை பேர் எதிரில். வெட்கமாக இல்லை.

சாப்பிடும்போது இன்னொன்றும் சொன்னார். அங்கே எல்லோரும் உங்களை முசே எத்திராஜ் என்று கூப்பிடுகிறார்களாம். பெரியவர் என்று மரியாதையாம். அதைக் கேட்டதும் எனக்கு எல்லாமே புரிந்துவிட்டது. சுரங்கத்தை மூடியபிறகு தினம் ரயிலேறி இந்த ஊருக்கு வந்தீர்கள். கிடைத்த வேலையெல்லாம் செய்து, கடைசியில் ஒரு ஆபீஸ் கேட்டில் வாட்ச்மேனாக நின்று, தருண் வயசுப் பையன்களின் காருக்கெல்லாம் சல்யூட் அடித்தீர்கள். மழையில் ஒருவன் உங்களைக் குடை பிடிக்கச் சொன்ன அன்று, வயிற்றுவலி என்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டீர்கள். நானும் நம்பின மாதிரி ஓம வாட்டர் கொடுத்தேன். திரும்பி வந்தால் மறுபடியும் அந்தக் கேட்தான் என்று பயப்படுகிறீர்கள். இதைப் பொண்டாட்டியிடம் சொன்னால் என்ன குறைந்துவிடும்? கேட்டில் நிற்க வாருங்கள் என்று நான் கூப்பிடவில்லை. எனக்கு நீங்கள் பக்கத்தில் வேண்டும், அவ்வளவுதான்.

கையெழுத்துப் போடுகிறவர்களுக்குக் குடும்பக் குவார்ட்டர்ஸ் உண்டாமே? அதுவும் நீமா அம்மா சொல்லித்தான் தெரிந்தது. ஃபாரத்தில் மூன்றாம் பக்கத்தில், குடும்பமும் கூட வருகிறதா என்று ஒரு கேள்வி இருக்கிறதாம். போன தடவை என்ன எழுதினீர்கள் என்று கேட்கப் போவதில்லை. கொசு, வெயில், பாஷை தெரியாது, வனஜாவுக்குச் சரிப்படாது என்று நீங்களே முடிவு கட்டியிருப்பீர்கள்.

தருணுக்கு இருபத்தாறு வயசு. இங்கேயே ஹெப்பகோடியில் வேலை, சோறு வடிக்கத் தெரியும், குழம்பு விஜி கொடுப்பாள். மூன்றாவது பேச்சு கேட்டதுமே நான் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன், வந்துவிட்டது. போட்டோவில் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருக்கிறேன். மஞ்சள் காய்ச்சல் ஊசியும் போன வாரம் போட்டுக்கொண்டேன், இரண்டு நாள் கையைத் தூக்க முடியவில்லை. மரியாவிடம் கொஞ்சம் ஸ்வாஹிலியும் கற்றுக்கொண்டேன். என்ன விலை, குறைத்துக் கொடு, இரண்டும் தெரியும். இதை வைத்து எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்வேன்.

நீமா அம்மா அடுத்த வாரம் உங்கள் சுரங்கத்துக்கு மறுபடி வருகிறார். இந்தக் கடிதத்தை அவரே உங்கள் கையில் கொடுப்பார். நீங்கள் படித்து முடிக்கிறவரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறேன். ஆராய்ச்சிக்கும் உதவும் என்று சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்.

ஒரு குறையும் இல்லாமல் நூறு வயசு இருங்கள். மூன்று வருஷத்துக்கோ முப்பது வருஷத்துக்கோ தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள், நான் தடுக்கவில்லை. மூன்றாம் பக்கத்தில் இருக்கிற அந்த ஒரு கேள்விக்கு மட்டும் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

உங்கள்,
வனஜா