கண்ணாடி ஜன்னலில் தோல் சுரண்டுகிறவர்

1932 நவம்பர், ஞாயிறு இரவு

ராசுக்கண்ணு, அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. இன்று ஆராதனை முடிந்ததும் பாதிரியம்மா ஒரு பெரிய படம் காட்டினார்கள். பிரான்சு தேசத்தில் ராஜாக்கள் காலத்துக் கோயில் ஜன்னலாம். உச்சி கூம்பி, நெடுநெடுவென்று இருந்தது. எழுத்துத் தெரியாத சனத்துக்காகக் கலர் கண்ணாடித் துண்டுகளை ஈயத்தால் இணைத்து வேதக் கதையைச் சித்திரமாக்கியிருந்தார்கள். மேலே மரியாளும் அப்போஸ்தலரும். அடியில் ஒருத்தர் குனிந்து தோல் சுரண்டிக்கொண்டிருந்தார், ஆம்பூர் தோல் ஷாப்பில் நீ குனிந்து வேலை செய்த மாதிரியே. தோல் வேலைக்காரர்கள் காணிக்கையாகக் கொடுத்த ஜன்னலாம்.

"அந்தாளு கோயில்ல எங்க குந்துவாரும்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"குந்துறது இன்னா, கண்ணாடியிலயே ஏறிட்டாரே!" என்றார் உபதேசியார். எல்லோரும் சிரித்தார்கள். பாதிரியம்மா மட்டும், "அது எனக்குத் தெரியலையே" என்றார்கள்.

அதே உபதேசியார்தான் உன்னிடம், "தோல் தொட்டி நாத்தத்தோட உள்ள வர்றியா? வெளிய குந்துடா" என்றவர். அப்புறம் நீ வாசற்படி தாண்டவே இல்லை. சவப்பெட்டியில் வைத்துத்தான் உன்னை உள்ளே கொண்டுபோனோம்.

அந்தப் படத்தை அன்றைக்கே காட்டியிருந்தால், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பாயா, கண்ணு?