ஒரு குறையும் இல்லீங்க

காலையில் ரத்த அழுத்த மாத்திரை எடுக்கும்போதெல்லாம் உங்கள் நினைவுதான் முதலில் வருகிறது, அண்ணா. கிழமைக்கு ஒன்றாக ஏழு அறைகள் கொண்ட உங்கள் நீல மாத்திரைப் பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. மூடியில் அந்த வெளிநாட்டு அறக்கட்டளையின் சின்னம் பாதி அழிந்துவிட்டது.

அவர்கள் நிதியில் நாமக்கல் லாரி நிறுத்தத்தில் நாம் நடத்திய மருத்துவ மையத்தில், டிரைவர்களுக்குக் கொடுத்த பெட்டி அது. நான் படித்த மேலாளர். நீங்கள் லாரி ஓட்டிக் களப்பணிக்கு வந்தவர். என் பேச்சுக்கு ஒரு டிரைவரும் இறங்கியதில்லை. நீங்கள் கதவைத் தட்டி, "ஏனுங்க மாப்ள, சர்க்கரை பாத்துட்டுப் போனா லோடு எறங்கி ஓடிப் போயிருமா?" என்றால் சிரித்துக்கொண்டே வருவார்கள்.

நிதியைத் தொடர்வதா என்று முடிவெடுக்க அறக்கட்டளையிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். துண்டால் நாற்காலியைத் துடைத்து, இளநீர் கொடுத்தீர்கள். இங்கே என்ன குறை என்று என் மூலம் உங்களைக் கேட்டார். மாத்திரை இருப்பு அந்த மாதத்தோடு தீரப்போகிறது என்று நம் இருவருக்கும் தெரியும்.

"ஒரு குறையும் இல்லீங்க. நீங்க வந்ததே போதுமுங்க."

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

மையம் இனி உதவியின்றி நடக்கும், நிதி வேறொரு நாட்டுக்குப் போகிறது என்று கடிதம் வந்தது. எங்கோ ஒரு பணக்காரருக்கு அந்த ஆண்டு எந்த நோய்மேல் அக்கறையோ, அந்த நோய்க்குத்தான் மருந்து. ஏன் என்று அவரைக் கேட்க நம் டிரைவர்களுக்கு வழியில்லை. அதை நான் இன்றும் மன்னிக்கவில்லை. ஆனால் அன்று நான் பாய்ந்தது உங்கள் மேல்தான், ஏன் குறையில்லை என்றீர்கள் என்று.

"ஊட்டுக்கு வந்தவங்ககிட்ட இல்லைன்னு எப்படிங் தம்பி சொல்றது? ரெண்டு பாஷையும் தெரிஞ்சவரு நீங்க. நீங்க சொல்லியிருக்கோணும்."

குறை என்றால் என் நிர்வாகத்தின் குறை என்று எழுதிவிடுவாரோ என்ற பயத்தில் நான் வாய் திறக்கவில்லை. அதை உங்களிடம் ஒப்புக்கொள்ளாமல் பல வருடம் பேசாமலே இருந்தேன்.

நீங்கள் படுத்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டு எருமப்பட்டியில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். "ஏதாவது வேணுமாண்ணா?"

"ஒன்னும் வேண்டாம் தம்பி. நீங்க வந்ததே போதும்."

எழுந்து போய் அலமாரியைத் திறந்தேன். பெட்டியில் ஏழு அறையும் காலி. கடைக்குப் போய் வாங்கி வந்து நிரப்பினேன்.

"இப்பத்தான் தம்பிக்குத் தமிழ் புரியுது" என்றீர்கள்.

காரியம் முடிந்து உங்கள் வீட்டில் பெட்டியை என்னிடம் கொடுத்தபோது, வெள்ளி, சனி அறைகள் காலியாகவில்லை.

இப்போது வேறோர் அறக்கட்டளைக்கு வீடு வீடாகப் போய் அறிக்கை எழுதுகிறேன். யாராவது ஒரு குறையும் இல்லை என்றால் பேனாவை மூடிவிட்டு, "ஒரு சொம்பு தண்ணி குடுங்க" என்று அடுப்படி வரை போய்ப் பார்த்துவிடுகிறேன். அறிக்கை தாமதம் என்று மேலிடத்தில் திட்டுகிறார்கள். திட்டட்டும்.