திரைக்கு வெளியே நீண்ட கை

பாலக்கரை, திருச்சி
ஜனவரி 1958

அன்பு மகன் நசுருதீனுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் உன் அம்மாவும் நானும் சுகம், நீயும் பினாங்கில் அப்படியே இருக்க துஆ செய்கிறோம். மருமகள் ஷரீபாவும் சுகம் என்று எழுதத்தான் பேனா ஓடவில்லை.

ஸ்ரீரங்கத்தில் ஏகாதசிக் கூட்டம் சேருவதற்கு முன் முனிசிபாலிட்டிக்காரர் நம் தெருவுக்கு அம்மை குத்த வந்தார். பெண்கள் வழக்கம்போல் திரைக்குப் பின்னால் நின்று கையை மட்டும் நீட்டினார்கள், அவரும் முகம் பாராமல் குத்திவிட்டு, மாமியார் மருமகள் இரண்டு பேருக்கும் ஆயிற்று என்று போய்விட்டார். காய்ச்சல் வந்தால் பிள்ளைக்குப் பால் வற்றிவிடும் என்று ஷரீபா அழுதிருக்கிறாள். உன் அம்மா அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, முதலில் இடது கை, பிறகு வலது கை என்று தானே இரண்டு தரம் நீட்டியிருக்கிறாள். சேலை என்றால் ஆளுக்கொன்று தனியாக வேண்டும் இவர்களுக்கு, இதில் மட்டும் என்ன ஒற்றுமை பார்.

உன் அம்மா முசிறிக்கு உன் மாமா வீட்டுக்குப் போயிருந்த சமயம், பக்கத்து வீட்டு கமர் ஜஹானுக்குப் பெரியம்மை கண்டது. அம்மை குத்திக்கொண்டவர்கள் மட்டும் உள்ளே போகலாம் என்றதும் தெருவே ஷரீபாவைக் கூப்பிட்டது. மாட்டேன் என்றால் மாமியாரைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று வாய் திறக்காமல் போய்க் கஞ்சி ஊட்டியிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கமர் ஜஹானை அடக்கம் செய்த பிறகு, அந்த வீட்டுக்குள் போய்வந்தவர்களைப் பார்க்க டாக்டர் அமிர்தராஜ் வந்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. முசிறியிலிருந்து திரும்பியிருந்த உன் அம்மாவுக்கு இரண்டு கையிலும் தழும்பு, ஷரீபாவுக்கு ஒன்றுகூட இல்லை.

அவளுக்கும் பிள்ளைக்கும் அப்போதே குத்திவிட்டு டாக்டர் சொன்னார், "உடம்புக்குள்ளயும் காவல் இருக்குங்க பாய். புது நோய் வந்தா அதை எப்படி அடிக்கிறதுன்னு கத்துக்க அதுக்கு நாளாகும். ஒருதரம் கத்துக்கிட்டா வருஷக்கணக்கா மறக்காது. லேசான அம்மையைக் குத்தி அதை முன்னாடியே பழக்கி வைக்கிறோம். ஆனா ஒருத்தர் உடம்பு கத்துக்கிட்டது இன்னொருத்தருக்கு உதவாதுங்க. இப்ப நோய் முந்துதா, உடம்பு முந்துதான்னுதான் பார்க்கணும்" என்று.

முந்தாநாள் முதல் ஷரீபாவுக்குக் காய்ச்சல், இடுப்பு வலி. அம்மை குத்தினாலும் காய்ச்சல் வரும் என்று டாக்டர் சொன்னதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். பிள்ளையைப் பிரித்து என்னிடம் வைத்து ஆட்டுப்பால் புகட்டுகிறேன், அவன் அழுவதைக் கேட்டு அவளும் உள்ளே அழுகிறாள். எந்தப் பால் வற்றிவிடும் என்று பயந்தாளோ அதுவே கட்டிக்கொண்டு வலிக்கிறதாம். அந்த அறைக்குள் உன் அம்மா ஒருத்திதான் போகலாம். எனக்குப் பயமாக இருக்கிறது நசுருதீன்.

கப்பலுக்கு டிக்கெட் எடுத்திருந்தால் தள்ளிப்போடு. அங்கேயே அம்மை குத்திக்கொள், உன் கையை நீயே நீட்டு. உன் அம்மாவைக் கோபித்து எழுதாதே, அவள் சாப்பிட்டே இரண்டு நாளாகிறது. அல்லாஹ் உன்னையும் உன் குடும்பத்தையும் காப்பாற்றட்டும், ஆமீன்.

உன் அத்தா,
ஜெகபர் அலி

இதை மடிக்கும்போது உன் அம்மா வந்து, ஷரீபாவின் நெற்றியில் கொஞ்சம் வியர்க்குரு போட்டிருக்கிறது என்கிறாள். தை மாதக் குளிரில் நான் போர்த்திக்கொண்டு எழுதுகிறேன்.