எங்கள் வீட்டு வாசலுக்குத் திருப்பிய குழாயை நேராக்கித் தர வேண்டி

அனுப்புநர்:
பி. ஷாலினி, பி.எஸ்சி. (இயற்பியல்),
க/பெ. பிரேம்குமார்,
மலையடிச் சந்து, திருத்தணி.

பெறுநர்:
உயர்திரு பொறியாளர் அவர்கள்,
குடிநீர் விநியோகப் பிரிவு,
நகராட்சி அலுவலகம், திருத்தணி.

பொருள்: எங்கள் வீட்டுக்கு அதிகமாக வரும் குடிநீரைக் குறைத்து, மேட்டு வீடுகளுக்குச் சேரும்படி குழாயை மாற்றி அமைத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தண்ணீர் வரவில்லை என்று தங்களுக்கு நிறைய மனுக்கள் வரும். இது தண்ணீர் அதிகமாக வருகிறது என்று எழுதும் மனு. தயவுசெய்து முழுவதும் படிக்க வேண்டுகிறேன்.

1. சென்ற ஆண்டு எங்கள் தெருவில் புதுக் குழாய் பதித்தபோது நான் நிறைமாதமாக இருந்தேன். திட்டப்படி மூன்று அங்குலக் குழாய் தெருவில் நேராக மேடேறிப் போக வேண்டும். எங்கள் வீடோ பக்கத்துப் பள்ளத்தில் இருக்கிறது. பிள்ளை பிறக்கப்போகும் வீட்டுக்குத்தான் முதல் தண்ணீர் என்று தெருவே முடிவு செய்தது. மேட்டு வீட்டு வீராசாமி மாமா தோண்டிய பள்ளத்துக்குள்ளேயே இறங்கி நின்றுகொண்டு, குழாயை எங்கள் வாசலுக்குத் திருப்பும்வரை ஏறவில்லை. வேலையாட்கள் எவ்வளவோ எடுத்துச் சொன்னார்கள். அவர்கள் மீது எந்தத் தவறும் இல்லை.

2. அப்படிச் சுற்றி வந்ததில் குழாய் போதவில்லை. எங்கள் வாசலைத் தாண்டி மேடேறும் பகுதிக்கு, மாமா தன் கொல்லையில் வைத்திருந்த ஓரங்குலக் குழாயைக் கொண்டுவந்து இணைத்துவிட்டார்கள். அன்று எல்லோருக்கும் பெரிய சந்தோஷம்.

3. விளைவு: எங்கள் தொட்டி நிரம்பி வழிகிறது. நான் குழாயை இறுக மூடினாலும் மேலே நூல் போலத்தான் ஏறுகிறது. பள்ளத்தில் இறங்கி, மெல்லிய குழாயில் உரசி, மறுபடி மேடேறும் தண்ணீருக்கு அழுத்தம் மிஞ்சாது. மேலே உள்ள மூன்று வீட்டாரும் எங்கள் வாசலில்தான் குடம் பிடிக்கிறார்கள். என் மகள் இளநிலா விழித்துவிடுவாள் என்று குடத்தைத் தரையில்கூடச் சத்தமாக வைப்பதில்லை. ஐயா, அவர்கள் ஒரு நாள் சண்டை போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

4. அந்த மூன்று வீடுகளில் ஒன்று எழிலன் – கல்பனா வீடு. கல்பனா இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. இரண்டாவது பிரசவம் என்பதால் அம்மையார்குப்பத்தில் உள்ள தாய்வீட்டுக்குப் போகவில்லை. நானே குடத்தைக் கொண்டுபோய்த் தருகிறேன் என்றாலும் கேட்பதில்லை. போன வாரம் பாறைச் சரிவில் நிறைகுடத்தோடு வழுக்கி விழுந்தாள். நான் ஓடிப்போய்த் தூக்கினால், "கொடந்தான்க்கா ஒடஞ்சிச்சி, நான் நல்லாதான் கீறேன். நீ ஏன் அழுதுகினு கீற?" என்று என்னையே தேற்றுகிறாள். ஸ்கேனில் குழந்தை நலம் என்றார்கள். ஆனால் அன்றிலிருந்து வாசலில் யாராவது வேகமாக நடந்தாலே நான் எழுந்து ஓடிப்போய்ப் பார்க்கிறேன். அடுத்த முறையும் குடம் மட்டுமே உடையும் என்று யார் சொல்ல முடியும்?

5. இம்மனுவில் என் கையெழுத்து மட்டுமே இருப்பதை, மற்றவர்களுக்குக் குறை இல்லை என்று கொள்ள வேண்டாம். வீடு வீடாகக் கேட்டேன். மேட்டு வீட்டுப் பூவம்மாள் அத்தை, "கைக்கொழந்த கீற வூட்டுத் தண்ணிய நாங்களே புடுங்கறதா? போம்மா, சோத்த தின்னுட்டுப் படு" என்று பேனாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். இதுவரை திருப்பித் தரவில்லை.

6. ஆகவே, பெரிய குழாயைத் தெருவில் நேராக மேடேற்றி, எங்களுக்கு எல்லோருக்கும் தருவதுபோல ஓர் அரையங்குல இணைப்பு மட்டும் தர வேண்டுகிறேன். பள்ளத்தில் கிடக்கும் மூன்று அங்குலக் குழாயையே எடுத்துப் பயன்படுத்தினால் செலவு அதிகமாகாது. இன்னொன்று: எங்கள் தெருக் குழாய் முடியும் மேட்டிலிருந்து அடுத்த தெருக் குழாய் முடியும் இடம் ஒரு சுவர் தள்ளித்தான் இருக்கிறது. இரண்டு முனைகளையும் இணைத்துவிட்டால் ஒருபக்கம் பழுதானாலும் மறுபக்கத்திலிருந்து தண்ணீர் வரும். முடியுமா என்று தாங்களே நேரில் பார்த்துச் சொன்னால் போதும்.

7. ஆடிக் கிருத்திகைக் காவடிக் கூட்டம் தொடங்கிவிட்டால் எங்கள் சந்தில் மண்வெட்டி வைக்க இடம் இருக்காது. கல்பனாவுக்கும் அந்தச் சமயத்தில்தான் நாள் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன் வேலையை முடித்துத் தருமாறு மன்றாடுகிறேன். மாற்றிய பிறகு எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் குறைந்தால் புகார் செய்ய மாட்டேன் என இதன்மூலம் உறுதியளிக்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வேலைக்கு வருபவர்கள், இது அலுவலக உத்தரவு என்று மட்டும் சொல்லட்டும். நான் கேட்டதாகத் தெரிந்தால், வீராசாமி மாமா மறுபடியும் பள்ளத்தில் இறங்கி நின்றுவிடுவார்.

இடம்: திருத்தணி
நாள்: 12.06.2025

தங்கள் உதவியை எதிர்நோக்கும்,
பி. ஷாலினி