இந்த வாரம் நான் ஏழாம் எண்

செப்டம்பர் 9, திங்கள்

இந்த வாரம் நான் பன்னிரண்டாம் எண். சனிக்கிழமை அமெரிக்கக் கால்பந்தில் எங்களோடு மோதும் கல்லூரியின் குவார்ட்டர்பேக், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவன். அவனைப் போலவே நின்று அவனைப் போலவே பந்தை எறிய வேண்டும்; எங்கள் தடுப்பணி என்னை வைத்துப் பழகிக்கொள்ளும். பாவி, இடக்கைக்காரனாம்! நான்காவது வருடமாக இதே வேஷம். என் சொந்த எண் பதினான்கு. அந்தச் சட்டையில் இதுவரை ஒரு புல்கறைகூடப் பட்டதில்லை.

தடுப்பணித் தலைவன் குவின்சி வழக்கம்போல் கேட்டான். "டேய், இந்த வாரம் நீ யாருடா?"

அக்டோபர் 22

ஆறுக்கு ஆறு வெற்றி. முடிவெட்டும் லாயிட், "சனிக்கிழமை பின்னிட்டடா!" என்று தோளைத் தட்டினார். நான் ஓரத்தில் நின்று தண்ணீர் குடித்ததைச் சொல்லவில்லை.

டிசம்பர் 14

பனியில் அரையிறுதியும் வென்றோம். இறுதிப்போட்டிக்கு ஐம்பத்தெட்டுப் பேர்தான் சீருடை போடலாம். நாங்கள் தொண்ணூற்றொரு பேர். படிப்பு முடிகிறது. ஒரே ஒரு தடவை களத்தில் இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

டிசம்பர் 17

இப்போது ஏழாம் எண், இறுதிப்போட்டியில் எதிரணியின் குவார்ட்டர்பேக். அவன் ஆடிய வீடியோவை இருபது தடவை பார்த்தாயிற்று. பயிற்சியில் நான் எறிந்த மூன்று பந்துகளைக் குவின்சி நடுவில் பாய்ந்து பிடித்துவிட்டான்.

"எறியறதுக்கு முன்னாடி இடுப்புத் துண்டுல கையத் தொடைக்கிற. எறியாம பந்தோட ஓடுறப்போ தொடைக்கல. குருடன்கூடக் கண்டுபிடிச்சிருவான்டா."

"நான் எங்கடா தொடச்சேன்?"

சாயங்காலம் வீடியோவைத் திரும்பப் போட்டேன். துடைப்பவன் ஏழாம் எண்! பார்த்துப் பார்த்து எனக்கே தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓடிப்போய்க் கோச் ஹால்வர்சனிடம் சொன்னேன்.

டிசம்பர் 18

பட்டியலில் என் பெயர் இல்லை. "எல்டன், அடிபட்டவங்களுக்கு மாத்து ஆள் வேணும்ப்பா. தப்பா நெனைக்காத" என்றார் கோச்.

நெனைக்காம என்ன செய்ய? நாலு வருஷமா யார் யாராவோ இருந்தேனே — ஒரு நாள் நானா இருந்தா என்ன கொறஞ்சிரும்?

டிசம்பர் 20

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். அம்மா விடவில்லை, காரில் ஏற்றிவிட்டாள்.

அரங்கின் மேல் வரிசையில் அவளோடு உட்கார்ந்திருந்தேன். கடைசி நிமிடம். மூன்று புள்ளி முன்னிலையில் இருந்தோம், பந்து அவர்களிடம். ஏழாம் எண் துண்டில் கையைத் துடைத்தான். "எறியப் போறான்!" என்று கத்தினேன். குவின்சி அதற்குள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தான். பந்து நேராக அவன் கையில் விழுந்தது.

சாம்பியன். அழுதேன். எதற்கு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

டிசம்பர் 23

உடைமாற்றும் அறையில் என் அலமாரியைக் காலி செய்யப் போனேன். உள்ளே குவின்சி பிடித்த அந்தக் கடைசிப் பந்து இருந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. குவின்சியின் கோணல் எழுத்தில், கறுப்பு மையில், ஓர் எண் மட்டும்.

பதினான்கு.