மூன்று படிவங்களும் ஒரே கையெழுத்தும்

அன்பு மகள் லுஜைனுக்கு, கரக்கிலிருந்து வாப்பா எழுதுவது. இறைவனின் சாந்தி உன்மேல் இருக்கட்டும். இங்கே நானும் உம்மாவும் அக்கா ருதைனாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீ படிக்கும் இர்பிதில் குளிர் தொடங்கிவிட்டதாக பஸ் ஓட்டும் அபூ ஷாஹிர் சொன்னார், அவரிடம் ஆலிவ் ஊறுகாயும் உன் கம்பளிச் சட்டையும் கொடுத்திருக்கிறேன். தோழிகளுக்கு ஊறுகாயைக் கொடு, சட்டையைத் தூக்கிக் கொடுத்துவிடாதே.

சமூகவியல் முதல் பருவம் எப்படிப் போகுமோ என்று பயந்து எழுதியிருந்தாய். பயப்படாதே அம்மா. இங்கே கரக் பல்கலைக்கழக வாசலில் பதினாறு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான், உங்கள் பாடத்தில் முதல் மூன்று அத்தியாயம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். நாலாவது தெரியாது, அதை எந்தப் பிள்ளையும் நகல் எடுப்பதில்லை. முதல் வாரப் பாடத்தில் இந்தப் படிப்பைத் தொடங்கிவைத்த தாடிக்காரப் பெரியவர்கள் மூன்று பேர் வருவார்கள், பெயரைப் பிழையில்லாமல் எழுதப் பழகு, அதற்கே மதிப்பெண் உண்டு. பிறகு வழக்கம், அந்தஸ்து, குடும்பம் என்று போகும். முதல் மாதம் பிள்ளைகள் கடையில் நின்றுகொண்டு, இதெல்லாம் ஒரு படிப்பா மாமா, எங்க பெரியம்மாவுக்கே தெரியுமே என்று சிரிப்பார்கள். இரண்டாம் மாதம் அதே பிள்ளைகள் வீட்டில் சண்டை போட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவார்கள். அப்போதுதான் சொந்த வீட்டை அயல்வீடு போலப் பார்த்து எழுதச் சொல்வார்கள். தீர்ப்புச் சொல்லாதே, பார்த்ததை எழுது, பார்க்காததை நீயாக இட்டுக்கட்டாதே. இது என் புத்திமதி இல்லை, இரண்டாம் அத்தியாயம். நான் அதன்படி நடந்திருந்தால் கடிதம் இங்கேயே முடிந்திருக்கும்.

உன் வகுப்புக்காக வீட்டில் ஆளுக்கொன்று நிரப்பச் சொல்லி மூன்று படிவம் அனுப்பினாய் அல்லவா, மூன்றையும் நானே நிரப்பினேன். கோபப்படாதே, இந்த வீட்டில் எந்தப் படிவத்தை யார் நிரப்பியிருக்கிறார்கள், ரேஷனிலிருந்து பாஸ்போர்ட் வரை நான்தானே. சந்தேகம் வராமலிருக்க எனக்கு நீலப் பேனா, உம்மாவுக்குக் கறுப்பு, ருதைனாவுக்குப் பச்சை. உங்கள் திருமணம் எப்படி முடிவாகிறது, உங்களைக் கேட்டார்களா என்று ஒரு கேள்வி இருந்தது. அவள் படிவத்தில், கேட்டார்கள், சம்மதித்தேன், சந்தோஷமாக இருக்கிறேன் என்று எழுதினேன். பொய் எழுதுவதாக எனக்குத் தோன்றவே இல்லை. ஹாஜி முஃப்லிஹ் தன் மகனுக்கு அவளைக் கேட்பதை நோன்புக்கு முன்பே அவளிடம் சொன்னேன், அவள் வாய் திறக்கவில்லை, பெண்ணின் மௌனம் சம்மதம் என்பதுதானே நம் வழக்கம், எழுந்து வந்துவிட்டேன். வரும் வெள்ளிக்கிழமை ஹாஜி நாற்பது பெரியவர்களோடு வருவதாக ஏற்பாடு. கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கீழே வைப்பார், குடியுங்கள், பெண் உங்களுடையவள் என்று நான் சொன்ன பிறகு குடிப்பார். இதெல்லாம் சடங்குக்குத்தான், பேச்சு எப்போதோ முடிந்தது.

நேற்றுக் காலை ருதைனா மேசையைத் துடைக்கப் போனவள் பச்சைப் படிவத்தைப் படித்துவிட்டாள். கத்தவில்லை, அழவில்லை. நல்லா சந்தோஷமா இருக்காளே வாப்பா, யாரு இந்தப் பொண்ணு, நான் பாத்ததே இல்லையே என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நான் அன்னிக்குக் கேட்டேனே, நீ பேசாமத்தானே இருந்தே என்றேன். பேசாமத்தான் இருந்தேன், நீங்க நிக்கலையே என்றாள்.

கடையைத் திறக்காமல் அவள் எதிரில் உட்கார்ந்தேன். சரி, இப்பக் கேக்குறேன், இந்த இடம் வேணுமா என்றேன். வாசலில் எரிவாயு வண்டி மணியடித்துக்கொண்டு வந்து நின்று, உருளை இறக்கி, போயே போய்விட்டது, அவள் பேசவில்லை. எழுந்துவிடலாம் என்று கால் துடித்தது, எழவில்லை. அப்புறம்தான், வேணாம் வாப்பா என்றாள்.

இன்று ஹாஜி வீட்டுக்குப் போய், யாரையும் கூட்டிக்கொண்டு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். நகல் எடுத்து எடுத்து உனக்கு மூளையும் மங்கிப்போச்சா நாயிஃப், பொட்டப்புள்ளகிட்ட கேக்குற பழக்கம் உங்க வீட்ல எப்பத்திலேர்ந்து என்றார். நேத்திலேர்ந்து ஹாஜி என்றேன். எனக்கு ஒரு வாய் காப்பி கொடுக்கவில்லை. இனி யார் நம் படியேறுவார்கள் என்று உம்மா அழுகிறாள், எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை, கடைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். செய்தது சரி என்று தெரிகிறது, நெஞ்சுதான் அடங்க மாட்டேன் என்கிறது.

மூன்று புதுப் படிவம் எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டேன். உம்மா இரண்டு பக்கமும் நிரப்பிவிட்டு இன்னும் தாள் கேட்கிறாள், என்னைப் படிக்க விடவில்லை. அடுத்த பஸ்ஸில் வரும், ஆசிரியையிடம் தாமதத்துக்கு என் பெயரைச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. இறைவன் உனக்குத் தெளிந்த அறிவையும் நீண்ட ஆயுளையும் தரட்டும்.

இன்னொன்று. கோடையில் உன் கல்லூரி விண்ணப்பத்தில், விருப்பப் பாடம் என்ற கட்டத்தில் சமூகவியல் என்று எழுதியதும் நான்தான். நீ பக்கத்தில்தான் நின்றாய், ஒன்றும் சொல்லவில்லை. உனக்கு அது வேணுமா அம்மா? யோசித்து எழுது, நான் எழுந்து போகமாட்டேன்.

இப்படிக்கு,
உன் வாப்பா,
நாயிஃப்